ஈஆர்பி வாங்கிய ஆலையில் பில் மட்டும் ஓடுவது ஏன்?

வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலை, மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் இடம். ஒன்றரை வருடத்துக்கு முன் சில லட்சம் செலவு செய்து ஈஆர்பி மென்பொருள் போட்டிருக்கிறார்கள். கொள்முதல், இருப்பு, உற்பத்தி, கூலி, கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும் என்று சொல்லித்தான் விற்றார்களாம். இன்றைக்கு அதில் பில் போடுவது மட்டும் நடக்கிறது, மற்றதெல்லாம் பழையபடி நோட்டில்தான். "மென்பொருள் சரியில்லையா, எங்கள் ஆட்கள் சரியில்லையா? இதை விட்டுவிட்டு வேறொன்று வாங்கலாமா?" என்று ஆலை முதலாளி கேட்கிறார்.

பெரும்பாலும் இரண்டிலும் குற்றம் இருக்காது. சேலம், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரத்தில் சேகோ ஆலை, கொலுசுப் பட்டறை, சேலை உற்பத்தி என்று பல இடங்களில் இந்த மாதிரி மென்பொருளைப் போடுவதும், போட்டு நின்றுபோனதை மறுபடி ஓட வைப்பதும் என் தொழில். நின்றுபோன இடத்துக்குப் போனால் நான் முதலில் பழைய நோட்டைத்தான் கேட்டு வாங்குவேன். உங்கள் ஆலையில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே ஒரு முழு ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. எடை மேடைச் சீட்டு, சூப்பர்வைசரின் நீள நோட்டு, கணக்குப்பிள்ளையின் பேரேடு, முதலாளியின் மனக்கணக்கு எல்லாம் சேர்ந்ததுதான் அது. அந்த ஏற்பாட்டுக்குத் தெரிந்திருந்த பல விஷயங்களை யாரும் மென்பொருளுக்குச் சொல்லவில்லை. அதனால் உங்கள் ஆட்களால் நோட்டை விட முடியவில்லை. நோட்டையும் எழுதி, அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்று என்றால் அது இரட்டை வேலை. எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும் இரட்டை வேலையை இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் செய்யமாட்டார்.

பில் மட்டும் ஏன் பிழைத்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும், அதில்தான் விடையின் பாதி இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. அடுத்த வருடம், சரக்கு லாரியோடு போக வேண்டிய இ-வே பில் வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களில் ஆரம்பித்த இ-இன்வாய்ஸ் (பில்லை அரசின் தளத்தில் பதிவு செய்வது), படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. அதனால் பில்லில் ஒரு எண் தப்பினால் அன்றைக்கே லாரி நிற்கும், டிரைவர் போன் செய்வார், வாங்குகிற பார்ட்டி சத்தம் போடுவார். தப்பு உடனே திரும்பி வந்து இடிக்கிறது, அதனால் அன்றைக்கே சரி செய்யப்படுகிறது. கிழங்கு வரவையோ தொட்டியில் இருக்கும் மாவையோ மென்பொருளில் ஏற்றாவிட்டால் என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. அரவை ஓடும், களத்தில் ஜவ்வரிசி காயும், மூட்டை தைக்கப்படும். பில்லுக்கு வெளியே இருந்து ஒரு கட்டாயம் வந்தது. மற்ற பகுதிகளுக்கு அந்தக் கட்டாயத்தை ஆலைக்குள் நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். அதை மென்பொருளோடு சேர்த்து யாரும் விற்பதில்லை.

இனி நோட்டுக்கு வருவோம். உங்கள் கிழங்கு வரவு நோட்டைத் திறந்து பாருங்கள். வண்டி எண், விவசாயி அல்லது ஏஜென்ட் பெயர், மொத்த எடை, காலி வண்டி எடை, மண்ணுக்கும் கழிவுக்கும் கழித்தது, பாயிண்ட் (கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவு), பாயிண்டுக்கு என்ன விலை, இறக்குக்கூலி, ஏற்கெனவே கொடுத்த முன்பணத்தில் எவ்வளவு பிடித்தது என்று வரிசையாக இருக்கும். பொதுவான கொள்முதல் திரையில் இருப்பது நான்கு கட்டம்: யாரிடம், என்ன பொருள், எத்தனை கிலோ, என்ன விலை. கிழங்கின் விலையே மாவுச்சத்தின் பாயிண்டை வைத்துத்தான் பிறக்கிறது. மென்பொருளில் பாயிண்டுக்கு இடமே இல்லை. எழுதுகிறவர் கால்குலேட்டரில் கணக்குப் போட்டு, வந்த விலையை மட்டும் உள்ளே தட்டுகிறார். கழிவும் அப்படித்தான், கழித்த பிறகு வந்த நிகர எடை மட்டும் ஏறுகிறது.

மூன்று வாரம் கழித்து அந்த விவசாயி வந்து, "ஏனுங்க, அன்னைக்கு எத்தனை கிலோ கழிச்சீங்க?" என்று கேட்கிறார். பதில் எங்கே இருக்கிறது? நோட்டில். அதனால் நோட்டு இருந்தே ஆக வேண்டும். எந்த ஊர்க் கிழங்கு நல்ல பாயிண்ட் கொடுத்தது, எந்த ஏஜென்ட் கொண்டுவரும் லோடில் மண் அதிகம் என்பவைதான் உங்களுக்குக் காசு தரும் கேள்விகள். லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய மென்பொருளால் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் இன்னொன்று. சில லோடுக்கு விலை அன்றே முடிவாகாது, ஏஜென்ட் வந்து பேசிய பிறகுதான் முடிவாகும். விலை இல்லாமல் திரை சேமிக்க விடாது. எழுதுகிறவர் ஒரு ரூபாய் என்று போட்டுச் சேமித்துவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று போய்விடுவார். அதில் நாலைந்து திருத்தப்படாமல் தங்கிவிட்டால் அந்த மாதத்துக் கொள்முதல் மதிப்பே பொய். கணக்குப்பிள்ளை அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து தன் பேரேட்டை மட்டுமே நம்புவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, வருட முடிவில் ஆடிட்டர் முன் பதில் சொல்கிறவர் அவர்தான்.

உற்பத்திப் பகுதி உங்களிடம் ஓடாததற்குக் காரணம் இன்னும் ஆழமானது. இந்த வகை மென்பொருளின் பூர்வீகம் 1960களின் அமெரிக்க எந்திரத் தொழிற்சாலைகள். ஒரு எந்திரம் செய்ய எத்தனை சக்கரம், எத்தனை போல்ட், எத்தனை பேரிங் வேண்டும், எப்போது வாங்க வேண்டும் என்று கணக்கிடத்தான் முதலில் செய்தார்கள். பல பொருள்கள் சேர்ந்து ஒரு பொருள் ஆவது அதன் அடிப்படை. சேகோ ஆலையில் நடப்பது நேர் எதிர். கிழங்கு ஒன்று உள்ளே போகிறது, மாவு, ஜவ்வரிசி, திப்பி, தோல் என்று பிரிந்து வெளியே வருகிறது. எவ்வளவு மாவு வரும் என்பது கிழங்கின் வயதையும், மழையையும், வெட்டி எத்தனை நாள் ஆனது என்பதையும் பொறுத்துத் தினமும் மாறும். மென்பொருள் போட வந்தவர் இதைக் கேட்டுக்கொண்டு, "சரிங்க சார், ஒரு சராசரி சொல்லுங்க" என்று ஒரு விகிதத்தைப் பதித்துவிட்டுப் போயிருப்பார். ஒரு மாதத்துக்குள் திரையில் இருக்கும் மாவு இருப்புக்கும் தொட்டியில் இருக்கும் மாவுக்கும் சம்பந்தமே இருக்காது. தொட்டியில் கிடப்பது ஈரமாவு வேறு, தண்ணீரின் எடையும் அதில் சேரும். சூப்பர்வைசர் ஒரு தடவை திரையைப் பார்ப்பார், தொட்டியைப் பார்ப்பார், அதோடு திரையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

ஒரு பொருளிலிருந்து பல பொருள் பிரிவதையும், விகிதம் நாளுக்கு நாள் மாறுவதையும் தாங்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ரசாயனம், பால், எண்ணெய் ஆலைகளுக்கென்று செய்தவை அப்படிப்பட்டவை. உங்களிடம் இருப்பதிலேயே அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கவும் கூடும். விற்றவரிடம் இதை ஒரு தடவை நேராகக் கேளுங்கள்.

விற்பனையிலும் உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் சேகோசர்வில் உறுப்பினர் என்றால், 1981-இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு அமைப்பின் கிடங்குக்கு மூட்டைகளை அனுப்புவீர்கள், டெண்டரில் விலை முடிவாகி விற்பனையாகும், இடையில் முன்பணமும் வாங்கலாம். கிடங்குக்குப் போன சரக்கு ஆலையை விட்டுப் போய்விட்டது, ஆனால் இன்னும் விற்கவில்லை. மென்பொருளில் அதை விற்பனை என்று போட்டால் வராத வருமானம் தெரியும், ஆலை இருப்பு என்றே விட்டால் இல்லாத சரக்கு தெரியும். வெளிக்கிடங்கு என்று தனியாக ஓர் இடத்தை உருவாக்கி இருப்பை அங்கே மாற்றுவது சில நிமிட வேலை. யாரும் கேட்காததால் யாரும் செய்யாமல் விட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது சேகோவுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் உள்ள கொலுசுப் பட்டறைகளைப் பாருங்கள், இதன் முழு உருவமும் தெரியும். அங்கே வெள்ளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் செய்பவர் ஒருவர், பற்ற வைப்பவர் ஒருவர், சலங்கை கோப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர். பெரும்பாலும் அவரவர் வீட்டிலேயே வேலை. ஒவ்வொருவருக்கும் நோட்டில் இரண்டு பாக்கி உண்டு. ஒன்று ரூபாயில், கூலிக் கணக்கு. இன்னொன்று வெள்ளியில், கொடுத்த எடை, திரும்பி வந்த எடை, ஒப்புக்கொண்ட சேதாரம். எடை மட்டும் போதாது, டச் வேண்டும், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பது. 80 டச் கொலுசு ஒரு கிலோ என்றால் அதில் சுத்த வெள்ளி 800 கிராம். பட்டறைக்காரரின் சொத்து அந்த 800 கிராமில்தான் இருக்கிறது.

ரூபாயை மட்டுமே அறிந்த மென்பொருள் இந்தப் பட்டறையில் நுழைந்தால், எடையை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கி ரூபாயாக்கிவிடும். நாளைக்கு விலை மாறினால், ஆள் வெள்ளியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவர் பேரில் பாக்கி நிற்கும், அல்லது பாக்கி இருக்கும்போதே லாபம் என்று காட்டும். பட்டறைக்காரர் அதைப் பார்த்து, "இது நம்ம தொழிலுக்கு ஆகாதுங்க" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வது முழுக்க நியாயம். எடையிலும் டச்சிலும் பாக்கி வைக்கத் தெரிந்த நகைத்தொழில் மென்பொருள்கள் கடைவீதியில் கிடைக்கின்றன. இருந்தும் பெரிய பெயர் என்பதற்காக வேறொன்றை வாங்கியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கூலி வேலைக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு சொல்கிறது. யாரிடம் எத்தனை நாளாக எவ்வளவு சரக்கு நிற்கிறது என்று பட்டியல் எடுக்க மென்பொருள் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் அது. வெள்ளிக் கணக்கு உள்ளே போகாததால் அந்த உதவியும் கிடைக்காமல் போகிறது.

உலகளவில் பேசப்பட்ட தோல்விகளைப் பார்த்தாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2011-இல் எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளுக்கு மாறும் வேலையைத் தொடங்கி, ஏழு வருடத்துக்குப் பிறகு, 2018-இல், சுமார் 50 கோடி யூரோ செலவழிந்த நிலையில் கைவிட்டது. வெளியே வந்த காரணங்களில் முக்கியமானது இது: லிடில் தன் கிடங்கில் உள்ள சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்டு வந்தது, அந்த மென்பொருளின் வழக்கமோ விற்பனை விலையில் மதிப்பிடுவது. லிடில் தன் வழக்கத்தை மாற்றச் சம்மதிக்கவில்லை. மென்பொருளை உடைத்து உடைத்துத் தனக்கேற்றபடி கட்டச் சொன்னது, கட்டக் கட்டச் செலவும் சிக்கலும் ஏறின. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வியும் லிடிலின் கேள்வியும் ஒன்றுதான். சரக்கின் மதிப்பை எதை வைத்து அளக்கிறோம்? இதை வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது, எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பது. மென்பொருள் தோற்கும் இடங்களில் "ஆளுங்க ஒத்துழைக்கலை" என்ற பேச்சு வராமல் இருக்காது. எனக்கு இந்தப் பேச்சு வருத்தம் தரும். எடை மேடையில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் பதினைந்து கட்டங்களை நிரப்பச் சொல்கிறோம். பின்னால் வண்டிகள் நிற்கின்றன, டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அவன் நிரப்புவதால் முதலாளிக்கு ரிப்போர்ட் வருகிறது, ஆடிட்டருக்கு வேலை குறைகிறது. அவனுக்கு? வேலை கூடுகிறது, தப்பு வந்தால் திட்டும் சேர்ந்து கிடைக்கிறது. அப்புறம் அவன் ஏன் எழுதுவான்?

ராசிபுரம் பக்கம் ஓர் ஆலையில் எல்லாம் நின்றுபோன பிறகும் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, எடைச் சீட்டு. மொத்த எடை, காலி எடை, கழிவு, பாயிண்ட், நிகரம் எல்லாம் தமிழில் அச்சாகி விவசாயி கையில் போகும். முன்பெல்லாம் ஒவ்வொரு லோடுக்கும் அந்தப் பையனோடு தகராறு நடக்கும், சீட்டு வந்த பிறகு தகராறு குறைந்துவிட்டது. அதனால் பிரிண்டர் நின்றால் அவனே ஓடிவந்து சொல்வான். எழுதுகிறவருக்கு அன்றைக்கே ஒரு பலன் கிடைத்ததால் அந்தப் பகுதி உயிரோடு இருந்தது. அங்கிருந்து பிடித்துத்தான் மற்றவற்றையும் ஓட வைத்தோம். சூப்பர்வைசருக்கு ஷிப்ட் முடிந்ததும் ஆள்வாரியாகக் கூலிப் பட்டியல் தானாக வந்தது, அவர் சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து கூட்ட வேண்டியதில்லை. கணக்குப்பிள்ளைக்கு ஏஜென்ட் முன்பணப் பாக்கி ஒரே பக்கத்தில் வந்தது. ஒவ்வொரு திரைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இதை நிரப்புகிறவருக்கு இன்றைக்கு இதனால் என்ன சுமை குறைகிறது? பதில் இல்லாத திரையை முதல் வருடத்தில் போடவே வேண்டாம்.

முதலாளிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நோட்டுக்கு அதிகமாக உயிர் கொடுப்பவர்கள் அவர்கள்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "இன்னைக்கு எத்தனை மூட்டைப்பா?" என்று கேட்பது காலம் காலமாக வந்த பழக்கம். சூப்பர்வைசர் நோட்டைப் பார்த்துச் சொல்வார், விஷயம் முடிந்தது. அந்த நிமிடத்தில் ஆலை முழுக்கத் தெரிந்துவிடுகிறது, முதலாளி நம்புவது எதை என்று. திரையைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு மூட்டைக் கணக்கு ஏறலையே, ஏன்?" என்று அவர் கேட்டால், அடுத்த நாள் ஏறியிருக்கும். நான் சொன்ன உள்கட்டாயம் இதுதான். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் பல முதலாளிகளால் ஒரு மாதம்கூடத் தொடர்ந்து இதைச் செய்ய முடிவதில்லை.

இந்தப் பக்கத்து நிறுவனங்கள் பெரும்பாலும் குடும்பத் தொழில் என்பதால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. படித்துவிட்டு வந்த மகன் மென்பொருளைக் கொண்டுவருகிறார். அப்பாவுக்கு அரைமனது, சித்தப்பாவுக்கு அதுவும் இல்லை. ஒரு பார்ட்டி கடன் வரம்பைத் தாண்டினால் பில் போடாதே என்று மகன் மென்பொருளில் பூட்டு போடுகிறார். பழைய பார்ட்டி நேராகச் சித்தப்பாவுக்குப் போன் செய்கிறார். சித்தப்பா பில் போடுகிறவரைக் கூப்பிட்டு, "போட்டு விடுப்பா, நான் சொல்றேன்" என்கிறார். பூட்டைத் திறக்க மகனின் பாஸ்வேர்டு வேண்டும், அது ஒரு துண்டுச் சீட்டில் மேசையில் ஒட்டப்படுகிறது. அன்றோடு அந்தப் பூட்டு செத்தது. கடன் யார் கொடுக்கலாம், விலையை யார் குறைக்கலாம் என்பது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். பேசி முடிக்காததை மென்பொருளில் போட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தால் சண்டைதான் வரும்.

இதோடு ஒட்டிய, யாரும் வெளிப்படையாகப் பேசாத காரணம் ஒன்று இருக்கிறது. எஸ்டிமேட் சீட்டில், அதாவது பில் இல்லாமல் வெறும் துண்டுச் சீட்டில் நடக்கும் வியாபாரம். சரக்கில் ஒரு பகுதி பில்லில் போகிறது, ஒரு பகுதி சீட்டில் போகிறது என்றால், கிழங்கு வரவிலிருந்து மூட்டை வரை உண்மையான அளவை ஏற்றும் எந்த மென்பொருளும் அங்கே நிற்காது. இருப்பு ஒருநாளும் ஒத்துவராது, ஒத்துவர வைக்கப் பொய் எண்களைப் போட வேண்டிவரும், பொய் எண் புகுந்த இருப்பை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனம் என்றால் 2023 ஏப்ரலிலிருந்து, யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் வைக்கும் கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். "பின்னாடி சரி பண்ணிக்கலாம்" என்ற பழக்கத்துக்கு அங்கே இடம் கிடையாது. உங்கள் ஆலையில் இது உண்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை. உண்டு என்றால், மென்பொருளுக்குச் செலவழிப்பதற்கு முன் அதை நிறுத்துவதா என்று முடிவெடுங்கள். அந்த முடிவு இல்லாமல் எவ்வளவு நல்ல மென்பொருள் வாங்கினாலும் பில் மட்டும்தான் ஓடும்.

நேரமும் ஒரு காரணம். நம் ஊரில் எல்லோரும் ஏப்ரல் 1 அன்று தொடங்கவே விரும்புகிறார்கள், கணக்கு வருடம் சுத்தமாகத் தொடங்குமே என்று. கணக்குப்பிள்ளை பழைய வருடத்தை முடிக்க முடியாமல் திண்டாடும் நாட்கள் அவை. இளம்பிள்ளையில் சேலைக்காரர்கள் தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது தொடங்கி, சரக்கு அனுப்ப முடியாமல் பழைய பில் புத்தகத்துக்குத் திரும்பியதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் நான்கு வருட வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கச் சொல்லி, 1999 ஜூலையில், ஹாலோவீன் ஆர்டர்கள் வரத் தொடங்கும் நேரத்தில் புது மென்பொருளை ஓடவிட்டது. சாக்லேட் கையில் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. பழக்கத்தில் சரக்கை அடுக்கி வைத்திருந்த சில இடங்கள் மென்பொருளில் பதிவாகியிருக்கவில்லை என்பதும் பிறகு சொல்லப்பட்டது. வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்த இடம், மென்பொருளுக்குத் தெரியாது. உங்களுக்குக் கிழங்கு வரத்து குறையும் கோடை மாதங்கள்தான் சரியான காலம்.

பொருள்களின் பெயர்ப் பட்டியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டோர் ரூமில் ஒரே பேரிங் நான்கு பெயரில் ஏறியிருந்தால், ஒன்றில் இருப்பு இல்லை என்று காட்டும், வாங்குவீர்கள், இன்னொரு பெயரில் அது அலமாரியிலேயே கிடக்கும். டார்கெட் என்ற அமெரிக்க நிறுவனம் 2013-இல் கனடாவில் கடை திறந்து, 2015-இல் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. அவசரத்தில் ஏற்றிய பொருள் விவரங்களில் நீளமும் அகலமும் மாறியிருந்தன, சென்டிமீட்டர் வேண்டிய இடத்தில் அங்குலம் இருந்தது. கிடங்கு நிரம்பி வழிந்தது, கடை அலமாரி காலியாக இருந்தது. பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்வது கல்லூரி முடித்த பையனுக்கு விடும் வேலை இல்லை, ஸ்டோர் கீப்பர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

விற்பவர்களைப் பற்றி ஒன்றே ஒன்று. காட்டிப் புரியவைக்கும் நாளில் அவர்கள் கொண்டுவரும் மாதிரிக் கணக்கில் எல்லாம் அழகாக ஓடும். உங்கள் ஆலையின் ஒரு வாரச் சீட்டுகளைக் கொடுத்து, அதை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழிவு, பாயிண்ட், விலை முடியாத லோடு, திரும்பி வந்த மூட்டை எல்லாம் அதில் இருக்கட்டும். முடியாதவர் அன்றே தெரிந்துவிடுவார்.

மலைமேல் நிலைமை சற்று வேறு. ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கும் காலத்தில், யார் எத்தனை கிலோ பறித்தார் என்பதைத் தோட்டத்திலேயே எடை போட்டு எழுதுகிறார்கள். சில சரிவுகளில் போனில் சிக்னல் கிடையாது. எப்போதும் இணையம் கேட்கும் மென்பொருளைக் கொடுத்தால் எஸ்டேட் ரைட்டர் தோட்டத்தில் நோட்டில் எழுதி, சாயங்காலம் ஆபீஸில் வந்து தட்டுவார். திரும்பவும் இரட்டை வேலை. சிக்னல் இல்லாதபோது போனிலேயே வைத்திருந்து, கிடைத்ததும் அனுப்பும் வசதி இருக்கிறதா என்ற ஒரு கேள்வி அங்கே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இப்போதைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஆலையில் எழுதப்படும் ஒவ்வொரு நோட்டையும் சீட்டையும் போட்டோ எடுத்துச் சேருங்கள். சூப்பர்வைசர் சட்டைப் பையில் வைத்திருக்கும் சின்ன டைரியையும் விடாதீர்கள், அதில்தான் முக்கியமானது இருக்கும். ஒவ்வொரு பத்திக்கும் நேராக, மென்பொருளில் இதற்கு இடம் எங்கே என்று எழுதுங்கள். இடம் இல்லாதவற்றைப் பிரியுங்கள். சில பத்திகள் பழக்கத்தில் எழுதப்படுபவை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவற்றை விட்டுவிடலாம். சிலவற்றை உங்கள் மென்பொருளில் கூடுதல் கட்டமாகச் சேர்க்க முடியும். பாயிண்ட், கழிவு போன்றவை இந்த வகை. மிச்சமிருப்பவைதான் நிஜமான சிக்கல்.

அப்புறம் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிழங்கு வரவு. பாயிண்டும் கழிவும் அச்சாகும் சீட்டு விவசாயி கையில் போகட்டும். கொஞ்ச நாள் நோட்டும் திரையும் சேர்ந்தே ஓடலாம், ஆனால் எந்தத் தேதியோடு நோட்டு நிற்கும் என்று முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அந்தத் தேதி வந்ததும் நோட்டை வாங்கி உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அது நன்றாக நின்ற பிறகு கூலி, அதற்குப் பிறகு மூட்டை இருப்பு. உற்பத்தி விகிதத்தைக் கடைசியில் தொடுங்கள், அதுவரை மாத முடிவில் தொட்டியையும் கிடங்கையும் கையால் அளந்து இருப்பைத் திருத்திக்கொண்டால் போதும்.

இப்படி ஒரு பருவம் ஓடிய பிறகும், கிழங்கிலிருந்து பல பொருள் பிரிவதை உங்கள் மென்பொருளால் தாங்கவே முடியவில்லை என்றால், அப்போது வேறு பாருங்கள். அப்போது உங்கள் கையில் நோட்டுப் பத்திகளின் பட்டியல் இருக்கும், விற்பவரிடம் கேட்க வேண்டியது என்ன என்று தெரியும். அதற்கிடையில் ஒரு காரியத்தை இந்த வாரமே செய்துவிடுங்கள். இப்போதைய மென்பொருளில் இருக்கும் பார்ட்டி பெயர்கள், பாக்கிகள், பொருள் பட்டியல், பில்கள் அனைத்தையும் எக்செல்லில் எடுத்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வருடாந்திரப் பராமரிப்புப் பணம் கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டால் தருவார்கள், உறவு முறிந்த பிறகு கேட்டால் அதற்குத் தனி விலை சொல்வார்கள்.